டயரில் மழைக்கு எவ்வளவு மிச்சம்?

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது, தோட்டத்தில் ஆள் வராததால் உட்கார்ந்து பதில் எழுத முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. படி ஏறும்போது மட்டும் கூட ஒருவர் இருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம். தென்னையில் வெள்ளை ஈ இந்த வருஷமும் விடவில்லை, கீழ் மட்டையெல்லாம் கரி பூசினாற்போல் கிடக்கிறது. பெரியவள் கோவையில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். உன் தங்கச்சி, அதான் என் வீட்டுக்காரி, உன்னையும் உன் வீட்டுக்காரியையும் ரொம்ப விசாரித்தாள்.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஃபார்ச்சூனர் ஒன்று, டூ வீல் டிரைவ், நல்ல விலைக்குக் கிடைத்தது என்று எழுதியிருந்தாய், ரொம்பச் சந்தோஷம். "டயர் மாற்ற வேண்டும், ஏ.டி. (ஆல் டெரைன், தாரிலும் கல் மண்ணிலும் ஓடுகிற வகை) போட்டால் எத்தனை கிலோமீட்டர் வரும், மழையில் பிடிக்குமா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். இந்த இரண்டும் ஒரே கேள்வி என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டை கட்டையாக ஆழமாக இருக்கிற டயர் அதிக நாள் வரும், அதனாலேயே மழையிலும் நன்றாகப் பிடிக்கும் என்று. போன ஆனி மாதம் வரைக்கும்.

மிளகு விஷயமாக மாசத்துக்கு மூன்று நாலு தடவை வால்பாறை ஏறி இறங்குகிறேன், உனக்குத் தெரியும். அன்று உன் தங்கச்சியும் கூட வந்திருந்தாள். மூன்று நாள் நல்ல வெயில் அடித்துவிட்டு அன்று சாயங்காலம்தான் தூறல் போட்டது, பெருமழை இல்லை, வைப்பரை விட்டு விட்டுப் போடுகிற அளவுக்கு. நாற்பது கொண்டை ஊசி வளைவில் முக்கால்வாசி இறங்கியாகிவிட்டது, ஒன்பதாம் வளைவில் வரையாடு வந்து நிற்கும் லோம்ஸ் வியூவுக்குக் கொஞ்சம் மேலே, நான் ஓட்டியது முப்பதுக்கு மேல் இருக்காது. ஸ்டியரிங் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. பிரேக்கை மிதித்தேன், ஏ.பி.எஸ். காலுக்கடியில் கடகடவென்று அடிக்கிறது, இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி சத்தமே இல்லாமல் வெளிப்பக்கம் சரிந்துகொண்டே போகிறது. தடுப்புச்சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது முன் சக்கரம் பிடித்தது. எதிரே பஸ் வந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. ஆழியாறு செக்போஸ்ட் வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பொள்ளாச்சியில் வழக்கமாகப் போகும் டயர்க் கடைக்குப் போனேன். அண்ணன் ஆழம் பார்க்கிற கேஜை எடுத்துப் பள்ளத்தில் விட்டார். ஐந்து மில்லிமீட்டர். புதுசாக வாங்கும்போது பதினொன்றுக்கு மேல் இருந்த ஏ.டி. டயர், 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம், பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும் பார், ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் அதுதான் கடைசி. "இதில் என்ன தம்பி இருக்கு, இன்னும் இருபதாயிரம் தாராளமாக ஓடும்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை, ஓடியிருக்கும்.

ஆனால் நான் ஸ்டெப்னியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது ரோட்டைப் பார்க்காத புது டயர். அதன் ஒவ்வொரு பட்டனிலும், அதாவது பள்ளங்களுக்கு நடுவே துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டையிலும், பிளேடால் கீறியது போல் நாலைந்து மெல்லிய கோடுகள், வளைந்து நெளிந்து, நகம் நுழையும் அகலம். ஓடிய டயரில் அந்தக் கோடுகளைக் காணோம். பட்டன் இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, கோடு மட்டும் தேய்ந்து போய்விட்டது, மேல்பரப்பு சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. அந்தக் கோடுகளைச் சைப் என்கிறார்கள். என் டயரில் அவை பள்ளத்தின் அடிவரை போகவில்லை, பாதி ஆழத்தோடு நின்றுவிட்டன. அப்படியானால் ரப்பர் பாதி மிச்சமிருக்கும்போதே மழைக்கு வேண்டியது தீர்ந்துவிடுகிறது. இதை யாரும் வாங்கும்போது சொல்லவில்லை, கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம், ஏ.டி. டயர் பலவற்றில் இதுதான் கதை. அடிவரை சைப் போகிற டயர்களும் இருக்கின்றன, கேட்டு வாங்கினால் கிடைக்கும்.

அப்புறம் இதைப் பற்றியே ஒரு மாதம் படித்தேன். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மழை ஈரம் என்பது இரண்டு வகை. ரோட்டில் தண்ணீர் தேங்கி நிற்பது ஒன்று. அதற்கு அகலமான, ஆழமான பள்ளம் வேண்டும், தண்ணீர் ஓடிப்போக வழி வேண்டும், அதில் ஏ.டி. டயர் நன்றாகவே செய்யும். இன்னொன்று தார் மேல் வெறும் பளபளப்பாக இருக்கிற மெல்லிய ஈரம், அதிலும் காய்ந்த ரோட்டில் எண்ணெயும் தூசியும் படிந்திருக்கும்போது விழும் முதல் தூறல். அங்கே ஓட்ட வேண்டிய தண்ணீரே அதிகம் இல்லை, அந்த மெல்லிய படலத்தைத் துடைத்து ரப்பரைத் தாரோடு ஒட்ட வைக்க வேண்டும். அதைச் செய்வது சைப்பின் ஓரங்களும், ரப்பரின் மென்மையும். ஏ.டி. டயரில் பள்ளம் அதிகமாக இருப்பதால் தாரைத் தொடுகிற ரப்பர் ஏற்கெனவே குறைவு, அதில் சைப்பும் போய்விட்டால் என்ன மிஞ்சும்?

ரப்பர் விஷயம் இதைவிட முக்கியம். கல்லில் ஏறும்போது பட்டன் பிய்ந்து வரக்கூடாது, நாளும் அதிகம் வர வேண்டும் என்பதற்காக ஏ.டி. டயரின் ரப்பரைக் கொஞ்சம் கெட்டியாக வைக்கிறார்கள். கெட்டி ரப்பர் மெதுவாகத் தேயும், ஈரத்தில் தாரின் சொரசொரப்புக்குள் இறங்காது. இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவர வழி இருக்கிறது, கரித்தூளுக்குப் பதில் ஒரு பங்கு சிலிக்கா சேர்ப்பது. மிச்செலின் 1992-இல் கார் டயருக்கு அதைக் கொண்டுவந்த பிறகு எல்லோரும் பின்பற்றினார்கள், இப்போது சில ஏ.டி. டயர்களிலும் வருகிறது. நம் ஊர் வெயில் வேறு ரப்பரை வருஷா வருஷம் இறுக்கிக்கொண்டே போகும். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு முடிவில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்தது. நகத்தால் பட்டனை அழுத்திப் பார், புது டயரில் நகம் பதியும், என்னுடையதில் பதியவே இல்லை.

கடையில் உனக்கு டயரின் பக்கச்சுவரில் டிரெட்வேர் (தேய்மான எண்) 600 என்று எழுதியிருப்பதைக் காட்டுவார்கள். அது 60,000 கிலோமீட்டர் என்று அர்த்தம் இல்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் ரோடுகளில் ஒரு மாதிரி டயரோடு சேர்த்து 7,200 மைல் ஓட்டி, மாதிரியின் தேய்மானத்தை 100 என்று வைத்து ஒப்பிட்டு, கம்பெனியே போட்டுக்கொள்ளும் எண். பக்கத்தில் டிராக்‌ஷன் ஏ, பி என்று இருக்கும், அது ஈர ரோட்டில் நேராகப் பிரேக் பிடித்துச் சக்கரம் லாக் ஆகும்போது கிடைக்கும் பிடிப்பு மட்டும், வளைவு அதில் சேர்த்தி இல்லை. எல்.டி. என்று ஆரம்பிக்கிற லாரி வகை டயராக இருந்தால் அந்த மதிப்பீடே கட்டாயம் இல்லை. மலையும் பனிப்பூவும் போட்ட முத்திரை பனிக்கு உரியது, நம் தூறலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

ஐரோப்பிய லேபிள்தான் எனக்கு உபயோகமாகப் பட்டது, மேகத்திலிருந்து மழை விழுகிற படம் போட்டு ஏ முதல் இ வரை ஈரப்பிடிப்புக்கு எழுத்து கொடுக்கிறார்கள், இறக்குமதி டயர் என்றால் மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைத்துவிடும். எஃப் வரை இருந்த பழைய கணக்கில், 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஏ-க்கும் எஃப்-க்கும் 18 மீட்டர் வரை வித்தியாசம் என்றார்கள். நாலு கார் நீளம், மாப்ளே! நம் நாட்டிலும் 2022-இல் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஈரப்பிடிப்புக்கு விதி கொண்டுவந்தது, ஏ.ஐ.எஸ். 142 என்று பெயர், ஆனால் அது தேறியதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். இதிலெல்லாம் எனக்கு உறுத்துவது, சோதிப்பது புது டயரை. நாம் பாதி தேய்ந்ததில்தான் வருஷக்கணக்காகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறோம். ஐரோப்பாவில் இதை இப்போதுதான் கவனித்திருக்கிறார்கள், 2024 ஜூலை முதல் அங்கே புதிதாக ஒப்புதலுக்கு வரும் கார் டயர்களைத் தேய்த்துவிட்டும் ஈரத்தில் சோதிக்க வேண்டும். இங்கேயும் அது வர வேண்டும். வந்தால் பல டயர்களின் விளம்பரம் மாறிவிடும் என்று நினைக்கிறேன்.

காற்று பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ மணலில் இறக்கிப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறாய். 1960-களில் நாசாவில் விமான டயர்களை வைத்து ஒரு கணக்குக் கண்டுபிடித்தார்கள். பி.எஸ்.ஐ. கணக்கில் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஏறக்குறைய 16.7-ஆல் பெருக்கினால், தேங்கிய நீரில் வழவழப்பான டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். 36 பி.எஸ்.ஐ. என்றால் 100. தேரிக்காட்டு மணலுக்காக 22-க்கு இறக்கிவிட்டு மறந்து அப்படியே நாலு வழிச்சாலையில் ஏறினால் 78. பள்ளம் நன்றாக இருந்தால் இந்த வேகம் கூடும், தேயத் தேய இதை நோக்கி இறங்கும். ஆகவே கையோடு ஒரு சின்ன கம்ப்ரசர் வைத்துக்கொள், மணலை விட்டு ஏறியதும் அங்கேயே காற்றை ஏற்று. எல்.டி. டயருக்குக் கதவு ஓரம் ஒட்டியிருக்கும் காற்று அளவு போதாது, அதே எடையைத் தாங்க அதற்கு இன்னும் அதிகம் வேண்டும். எடையும் அதிகம், சவாரியும் முரடாக இருக்கும். உனக்கு எதற்கு அது?

ஆயுள் பற்றிக் கேட்டாய். எனக்கு 52,000 ஓடி ஐந்து மி.மீ. மிச்சம் இருந்தது, மலைப்பாதையில் அது நல்ல கணக்குதான். எட்டாயிரத்துக்கு ஒரு தடவை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரையும் சுற்றி மாற்றிப் போடு, நான் ஸ்டெப்னியை விட்டதுதான் தப்பு, அது சும்மாவே வயசாகிக்கொண்டிருந்தது. மாசம் ஒருமுறை டயரை உள்ளங்கையால் முன்பக்கமாகத் தடவு, பிறகு பின்பக்கமாகத் தடவு. ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் ரம்பப்பல் போல் கையைத் தட்டினால் பட்டன் ஒருபக்கமாகத் தேய்கிறது, உடனே மாற்றிப் போட வேண்டும், இல்லையென்றால் நாலு வழிச்சாலையில் ஊளை போடும். 265/65 ஆர் 17 என்ற கம்பெனி அளவில் 65 இருக்கும் இடத்தில் 70 உள்ள, பக்கச்சுவர் உயரமான டயர் போட்டால் வண்டி கம்பீரமாக இருக்கும் என்று சொல்வார்கள், டயர் மூன்றரை சதவீதம் பெரிதாகிவிடும், மீட்டர் 50,000 காட்டும்போது நிஜத்தில் 51,700 ஓடியிருப்பாய், ஸ்பீடோவும் அதே அளவு குறைத்துக் காட்டும். கம்பெனி அளவிலேயே நில்.

என் முடிவு இதுதான். நீ பத்தில் ஒன்பது நாள் திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் தார் ரோட்டில் போகிறாய், மீதி ஒரு நாள் தோட்டத்துக்கு மண் பாதை. உனக்கு எச்.டி., அதாவது தார் ரோட்டுக்கான ஹைவே டெரைன் டயரே போதும். ஏ.டி. தான் வேண்டும் என்று மனசு பிடிவாதம் பிடித்தால், சைப் அடிவரை போகிற, சிலிக்கா கலந்த, கார் வகை ஏ.டி. பார். கடையில் டார்ச் அடித்து அந்தக் கோட்டுக்குள் ஆழம் பார்த்துவிட்டுப் பணம் கொடு. நான் அப்படித்தான் பார்த்து வாங்கினேன், நாலு டயருக்கு 70,000-த்தைத் தாண்டியது, பழையதில் இருபதாயிரம் கிலோமீட்டர் வீணாகிறதே என்று ஒரு நாள் முழுக்க மனசு கேட்கவில்லைதான்.

வீணாக்காமல் இருக்கவும் வழி இருக்கிறது. டயர் நாலு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், வயசும் ஐந்தாறு வருஷத்துக்குள் இருந்தால், மாசி பங்குனி சித்திரையில் காய்ந்த ரோட்டில் ஓட்டித் தேய்த்துவிடு. எனக்கு ஆனி பிறக்கும் முன், உனக்கு ஐப்பசி பிறக்கும் முன் புதுசு ஏறிவிட வேண்டும். அந்த மழைக்காலத்தைப் பழைய டயரில் தாண்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. உளுந்தூர்பேட்டை தாண்டி ராத்திரி இரண்டு மணிக்கு அடைமழையில் நீ ஓட்டுகிற வேகம் எனக்குத் தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிழலில் நிறுத்தி, கேஜ் ஒன்று வாங்கி, ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றையும் அளந்து எனக்கு அனுப்பு. ஸ்டெப்னியை விடாதே. டி.ஓ.டி. எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் எழுது. அம்மா நன்றாக நடக்க ஆரம்பித்ததும் எல்லோரும் கிளம்பி வாருங்கள், என் வண்டியிலேயே வால்பாறைக்குப் போகலாம், இப்போது உன் தங்கச்சியே தைரியமாக முன் சீட்டில் உட்காருகிறாள்.

அன்புடன்,
உன் பொள்ளாச்சி மாப்ளே