வித்துக்குள் இருக்கும் விற்றமின் பற்றி மச்சானுக்கு

மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. சிறுபோகம் கைகொடுத்தது என்று படித்ததும் பெரிய ஆறுதல், உன்னிச்சைக் குளத்துத் தண்ணி கடைசி வரைக்கும் வருமோ என்று இங்கே களுவாஞ்சிகுடியிலும் கதைத்துக்கொண்டுதான் இருந்தோம். நாங்கள் சுகம், அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி விட்டபாடில்லை.

சரி, உன் மகளின் கேள்விக்கு வருகிறேன். வித்துக்குள் விற்றமினைப் பிடித்துவைக்கும் புரதம் உண்டா என்று கேட்டிருக்கிறாள். உயர்தரம் படிக்கிற பிள்ளை இப்படி யோசிக்கிறதே எனக்குச் சந்தோஷம். உண்டு.

நெல்லை ஊறவைத்து, முளைகட்டி வட்டையில் வீசுகிறோம். அந்த முளை இலைவிட்டு வெயிலில் தன் சாப்பாட்டைத் தானே செய்யும் வரைக்கும் வித்தில் உள்ளதுதான் அதற்குக் கட்டுச்சோறு. மாவுச்சத்தை உடைத்துச் சக்தி எடுக்கத் தயமின், அதாவது விற்றமின் பி1, கட்டாயம் வேண்டும், ஆனால் அது தண்ணியில் சுலபமாகக் கரைகிற சாமான். அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்களை நெல், எள், கோதுமை போன்ற வித்துக்களிலிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்திருக்கிறார்கள். எள்ளில் உள்ளது வித்தின் சேமிப்புப் புரதக் குடும்பத்தையே சேர்ந்தது. உலர்ந்த வித்தில் தயமின் பெரும்பாலும் பொசுபேற்று சேராமல் சும்மா இருக்கும், முளைக்கும்போதுதான் பொசுபேற்று சேர்ந்து, இரசாயன வேலைகளை விரைவாக்கும் புரதங்களான நொதியங்களுக்கு உதவுகிற வடிவத்துக்கு மாறும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது பட்டாணி. அதில் 1990களில் பிரெஞ்சுக்காரர் கண்ட எஸ்.பி.பி.65 என்ற புரதம், பயோற்றின் என்ற இன்னொரு பி விற்றமினைத் தன்னிலுள்ள லைசீன் என்ற அமினோ அமிலத்தோடு இரசாயனப் பிணைப்பாலேயே கட்டிவிடுகிறது. பயோற்றின் ஒட்டிய மற்றப் புரதங்கள் பொதுவாக நொதியங்கள், இதற்கு அந்த வேலை கிடையாது. வித்து முற்றும் காலத்தில் கூடி, முளைக்கத் தொடங்கியதும் வேகமாகக் குறைந்துவிடும். சேர்த்துவைத்துக் கொடுப்பதற்கென்றே ஒரு புரதம், மச்சான்! இதை மகள் படம் கீறிப் படிக்கட்டும்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நெல்லின் தயமினில் பெரும்பங்கு முளையத்திலும் தவிட்டிலும்தான், தீட்டத் தீட்ட அது மாட்டுக்கும் கோழிக்கும் போகிறது. ஜாவாவில் 1890களில் எய்க்மன் என்ற டச்சு வைத்தியர் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் வழங்காமல் போவதையும் தவிடு கொடுத்தால் தேறுவதையும் கண்டார், அதற்கு 1929இல் நோபல் பரிசும் கிடைத்தது. 1926இல் அதே ஜாவாவில் ஜான்சன், டொனாத் என்ற இரண்டு டச்சு ஆய்வாளர்கள் தவிட்டிலிருந்துதான் தயமினைப் பளிங்காக எடுத்தார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தயமின் கொஞ்சம் உள்ளே இறங்கிவிடுவதால் புழுங்கலைத் தீட்டினாலும் பச்சையரிசி அளவுக்கு இழப்பு இல்லை, எங்கட ஆக்கள் புழுக்கிக் குத்தினது எவ்வளவு நல்ல பழக்கம் பார்.

ஆகவே கடைக்குப் போகிற மூட்டை வெள்ளையாக இருக்கட்டும், வியாபாரம் உன் பாடு. வீட்டுக்குக் குத்துகிற நெல்லையாவது புழுக்கி, தீட்டாமல் எடு. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சோறு அது, பலதடவை கழுவவும் வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்.

மறுகா, ஐப்பசி மழைக்கு முன் ஒருநாள் எல்லாரும் இந்தப் பக்கம் வாருங்கள், வரும்போது எனக்கும் அந்தச் சிவப்பரிசியில் ஒரு மரைக்கால் எடுத்து வை.

அன்புடன்,
உன் மச்சான்