பெக்கெட்டில் எவ்வளவு?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, இரண்டு ஷூ டப்பாக்கள்தான் காரணம்.

முதலில் வீட்டுச் சேதி. எல்லோரும் சௌக்கியம். பெரியவள் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் வீடு பாதி காலி. சின்னவனுக்குப் பன்னிரண்டு வயது, எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் போனில் அதன் விலையைப் பார்க்கிறான். டல்லாஸ் வெயில் உங்கள் ஊர் வெயிலுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. உன் மூட்டு வலி தேவலையா? விடைத்தாள் திருத்தும் மையத்தில் அரை மார்க்குக்காகச் சீஃப் எக்ஸாமினரோடு மல்லுக்கு நின்ற கதையைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து கதவைத் தட்டினார்.

அவர் வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போகப் போகிறார். கராஜைக் காலி செய்யும்போது, மகன் சின்ன வயதில் சேர்த்த, ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் அட்டைகள் கிடைத்திருக்கின்றன. மகனுக்கே இப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேல். "எனக்கு வேண்டாம், எந்தப் பையனுக்காவது கொடுத்துடுங்க" என்றானாம். எங்கள் வீட்டுப் பையன் நினைவுக்கு வந்திருக்கிறான். டப்பாக்களோடு ஒரு கட்டுப் பத்திரிகையும் கொடுத்தார். எல்லாம் 1990 முதல் 1992 வரை வந்த 'பெக்கெட் பேஸ்பால் கார்ட் மன்த்லி'.

நாம் தீப்பெட்டிப் படம் சேர்த்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு சிங்கத்துக்கு மூன்று சாதாப் படம், கசங்கியிருந்தால் நான்கு. அந்த ரேட்டை யார் வைத்தது? தெருவிலேயே பெரிய பையன் எவனோ அவன்தான். அவன் சொன்னால் அதுதான் விலை, அப்பீல் கிடையாது. இந்த ஊரில் அந்தப் பெரிய பையனின் வேலையைச் செய்தவர் உன் துறைக்காரர், மாப்ளே. ஜேம்ஸ் பெக்கெட் என்ற புள்ளியியல் பேராசிரியர்.

1970-களில் ஒஹையோவில் பவ்லிங் கிரீன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்தே அட்டைப் பைத்தியம். அப்போது பழைய அட்டைக்கு விலை என்று ஒன்று கிடையாது. ஒரு ஊரில் ஐந்து டாலருக்குப் போவது அடுத்த ஊரில் ஐம்பது சென்ட்டுக்குக் கிடைக்கும். மனிதர் தன் தொழில் புத்தியை இதில் காட்டினார். வியாபாரிகளுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் கேள்வித்தாள் அனுப்பி, எந்த அட்டை என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று கணக்கெடுத்தார். 1979-இல் டென்னிஸ் எக்கஸ் என்பவரோடு சேர்ந்து விலைக் கையேடு ஒன்றைக் கொண்டுவந்தார். புத்தகம் வருடத்துக்கு ஒன்று, சந்தையோ மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அதனால் டல்லாஸில் சொந்தப் பதிப்பகம் தொடங்கி, 1984 நவம்பரில் மாதப் பத்திரிகையாகவே போட ஆரம்பித்தார்.

அந்தப் பத்திரிகையை நீ பார்க்க வேண்டும். முன்னால் கொஞ்சம் வண்ணப்படம், கட்டுரை, வாசகர் கடிதம். மீதியெல்லாம் பொடி எழுத்தில் வரிசை வரிசையாக அட்டையின் எண், ஆட்டக்காரர் பெயர், பக்கத்தில் இரண்டு விலை. ஒன்று மேல் விலை, இன்னொன்று கீழ் விலை. போன மாதத்தைவிட ஏறியிருந்தால் மேல்நோக்கி ஒரு சின்ன அம்பு, இறங்கியிருந்தால் கீழ்நோக்கி. பங்குச் சந்தைப் பக்கத்தைப் பத்து வயதுப் பையன் கையில் கொடுத்த மாதிரி. விற்பனை லட்சக்கணக்கில் போனது. அட்டைக் கடைக்குள் நுழைகிறவன், "இது பெக்கெட்டில் எவ்வளவு?" என்றுதான் கேட்பானாம். ஆளின் பெயரே விலைக்குப் பெயராகிவிட்டது.

இதில்தான் உனக்குப் பிடித்த சிக்கல் வருகிறது. அவர் செய்தது கணக்கெடுப்பு. நடந்த விலையைக் கேட்டு எழுதினார். ஆனால் அச்சில் வந்த மறுநாளே கடைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். அடுத்த மாதம் கணக்கெடுத்தால், போன மாதம் அச்சிட்டதே பதிலாகத் திரும்பி வருகிறது. மாதிரியைத் தொட்டுவிட்ட சராசரி! வகுப்பில் இதை உதாரணமாகச் சொல்லிப் பார், கடைசி பெஞ்சும் விழித்துக்கொள்ளும்.

பெரியவர் மகனின் பத்திரிகைகளில் பென்சில் குறிகள் இருக்கின்றன. தன்னிடம் உள்ள அட்டைக்கெல்லாம் டிக் போட்டிருக்கிறான். 1991-இல் வந்த ஒரு இதழின் கடைசிப் பக்க ஓரத்தில் கூட்டலும் போட்டிருக்கிறான். மேல் விலையில்தான், கீழ் விலையை எந்தப் பையன் கூட்டுவான்! 1,140 டாலர் 50 சென்ட். அதற்குக் கீழே இரண்டு கோடு. அந்த இரண்டாவது கோட்டில் பென்சில் முனை தாளைக் கிழித்திருக்கிறது, அவ்வளவு அழுத்தம். சின்னவன் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு நாங்கள் இருவரும் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் மூடியைத் திறந்தார், வருடத்தைப் பார்த்தார், மூடினார். "வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க, இங்கே வைக்க இடமில்லை" என்றார். அவர் மேல் தப்பில்லை. அவர் கடையின் பின்னறையிலும் இதே டப்பாக்கள் கூரைவரை அடுக்கியிருந்தன.

ஏன் இப்படி என்று அதற்கப்புறம் உட்கார்ந்து படித்தேன். அதில்தான் மூன்று வாரம் போனது.

1952-இல் டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனி பேஸ்பால் அட்டைகளைப் போட்டது. அந்த வருடத்தின் கடைசித் தொகுதி கடைக்கு வந்தபோது சீசன் முடிகிற நேரம், பையன்கள் ஃபுட்பாலுக்குத் தாவிவிட்டார்கள். பெட்டி பெட்டியாகத் தேங்கியது. எட்டு வருடம் கிடங்கில் கிடந்ததை, 1960-இல் டாப்ஸின் சை பெர்கர் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டு வந்தார். அந்த அட்டைகளை வடிவமைத்ததிலும் பெரும் பங்கு அவருடையதுதான்! அந்தத் தொகுதியில் ஒன்று மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் அட்டை, எண் 311. அதில் மிக நல்ல நிலையில் இருந்த ஒரு பிரதியை 1991-இல் ஒருவர் 50,000 டாலருக்கு வாங்கினார். 2022-இல் அது 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

கடலில் கொட்டியதாலும், அம்மாக்கள் குப்பையில் போட்டதாலும், சைக்கிள் சக்கரத்தில் கிளிப் மாட்டிச் சத்தம் வரவைத்துக் கிழித்ததாலும்தான் பழைய அட்டைக்கு விலை. பெக்கெட் கையேடு வந்ததும் இது ஊருக்கே தெரிந்துவிட்டது. அப்புறம் யார் தூக்கிப் போடுவார்கள்? பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். கம்பெனிகளும் விடவில்லை. டாப்ஸின் ஏகபோகத்தை 1980-இல் கோர்ட் உடைத்ததும் 1981-இல் ஃப்ளீர், டான்ரஸ் வந்தன. 1989-இல் அப்பர் டெக் வழுவழுப்புத் தாளும் ஹோலோகிராமுமாக வந்தது. அதன் முதல் அட்டையில் இருந்த ஆட்டக்காரர் கென் கிரிஃபி ஜூனியர். எல்லோரும் அச்சடித்தார்கள், எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள். கையேடு கெட்டதாக எதையும் செய்யவில்லை. ஆனால் விலை இருக்கிறது என்று எல்லோருக்கும் சொன்னதே விலையைத் தின்றுவிட்டது. 1994-இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, வருடாந்திர இறுதிப் போட்டியான வேர்ல்டு சீரிஸே நடக்காமல் போனதும் மிச்ச ஆர்வமும் போயிற்று. பெரியவர் மகன் கூட்டிய 1,140 டாலர் அதற்கு முந்தைய காலத்துக் கணக்கு.

சரி, எண்ணிக்கை ஏராளமாகிவிட்டால் எதை வைத்து உசத்தி தாழ்த்தி சொல்வது? எத்தனை இருக்கிறது என்பதை விட்டுவிட்டு எவ்வளவு பழுதில்லாமல் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். மார்க் போடும் தொழில் அப்படித்தான் தழைத்தது. அட்டையை அனுப்பினால் லென்ஸ் வைத்துப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று போட்டு, திறக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் திருப்பித் தருவார்கள்.

இதில் பெரிய பெயர் 1991-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய பி.எஸ்.ஏ. என்ற கம்பெனி. அவர்கள் மார்க் போட்ட முதல் அட்டையின் கதை கேள். சிகரெட் பாக்கெட்டோடு 1909-இலிருந்து வந்த, ஹோனஸ் வாக்னர் என்ற பழைய ஆட்டக்காரரின் அட்டை, உலகத்திலேயே பேர்போன அட்டை. அப்போது ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் இன்னொருவரும் 4,51,000 டாலருக்கு வாங்கியிருந்தார்கள். வரிசை எண் 1 போட்டு, 8 மார்க். அந்த மார்க்கை வைத்தே அது கை மாறி மாறி லட்சங்களில் ஏறியது. 2013-இல் அதைப் பல வருடம் முன்பு விற்ற ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ கோர்ட்டில் ஒப்புக்கொண்டார், ஓரத்தை வெட்டிச் சீராக்கியது தான்தான் என்று. வெட்டிய அட்டைக்கு மார்க்கே கிடையாது என்பதுதான் விதி. முதல் விடைத்தாளே பிட் அடித்த தாள்!

பெக்கெட் 1999-இல் இந்தக் களத்தில் இறங்கியது. அவர்கள் முறை எனக்குப் பிடித்திருக்கிறது, உனக்கும் பிடிக்கும். பி.எஸ்.ஏ. வெறும் மொத்த மார்க்கைச் சொல்லும். பெக்கெட் நான்கு தனி மார்க் போட்டு லேபிளிலேயே அச்சடித்தது. படம் நடுவில் இருக்கிறதா, மூலைகள் கூர்மையா, ஓரங்கள் சுத்தமா, மேற்பரப்பில் கீறல் உண்டா. ஆரம்பத்திலிருந்தே அரை மார்க்கும் உண்டு. நான்கையும் கூட்டி நான்கால் வகுப்பதில்லை, குறைந்த மார்க் எதுவோ அது மொத்தத்தைக் கீழே இழுக்கும். நான்கிலும் பத்து, அதாவது நாலு பாடத்திலும் சென்டம் எடுத்தால் கறுப்பு லேபிள். அதற்குப் பைத்தியமாகத் திரிகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. 9.5 வாங்கியவர்கள் சிலர் பெட்டியை உடைத்து அட்டையை வெளியே எடுத்து மறுபடியும் அனுப்புவார்கள், வேறு ஆள் பார்த்தால் பத்து விழாதா என்று. மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுகிற நம் ஊர்ப் பெற்றோர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் சின்னவனும் சாப்பாட்டு மேஜையில் திருத்தும் மையம் நடத்தினோம். டப்பாவில் 1990 ஃப்ளீர் அட்டை ஒன்று, கிரிஃபி ஜூனியர். இரண்டரைக்கு மூன்றரை அங்குலம், வெள்ளைக் கரை. ஸ்கேல் வைத்து அளந்தோம். இடது கரை 3 மில்லிமீட்டர், வலது கரை 2. அதாவது 60-க்கு 40. முன்பக்கம் 9.5 வாங்க ஒரு திசையில் 50-50, இன்னொரு திசையில் 55-45 வேண்டும். வெறும் 9-க்கே இரண்டு திசையிலும் 55-45 வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் போச்சு. மூலைகளை உன் பழைய ஸ்டாம்பு லென்ஸில் பார்த்தோம் (ஆமாம், அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, திருப்பித் தருவதாக இல்லை). மூன்று மூலை கத்தி மாதிரி. நான்காவதில் பஞ்சு மாதிரி துளி வெண்மை. பத்து வயதுக் கட்டைவிரல் பட்ட இடமாக இருக்கும்.

ஒன்று மட்டும் எனக்கு நெருடுகிறது. விலையை அச்சடிக்கிற வீடும் மார்க் போடுகிற வீடும் ஒன்றாக இருப்பது. கேள்வித்தாள் எடுப்பவர், திருத்துபவர், தேர்ச்சி விகிதத்தைப் பேப்பருக்குச் சொல்பவர், மூவரும் ஒரே ஆள் என்றால் நீ சும்மா இருப்பாயா? அவர்கள் தப்பு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை, ஏற்பாடே எனக்கு ஒட்டவில்லை. பேராசிரியர் 2005-இல் கம்பெனியை விற்றுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பெயர் மட்டும் லேபிளில் நின்றது. ஏலத்தில் கடைசியாக எவ்வளவுக்குப் போனது என்பது போனில் நொடியில் தெரிவதால் அம்புக்குறிப் பத்திரிகைக்கு அந்தப் பழைய அதிகாரம் இல்லை. மார்க் போடுவதுதான் இப்போது பெரிய தொழில். 2020-இல் பேஸ்பால் ஆட்டக்காரர் மைக் டிரவுட்டின் ஒரே பிரதி உள்ள அட்டை ஒன்று 39 லட்சம் டாலருக்குப் போனது. அதற்குப் பெக்கெட் போட்டிருந்தது 9 தான். கொரோனாக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லோரும் பரணைக் குடைந்து அட்டைகளை அனுப்ப, 2021 வசந்தத்தில் பி.எஸ்.ஏ. சமாளிக்க முடியாமல் பெரும்பாலான வகைகளுக்குக் கதவையே சாத்தியது. விடைத்தாள் கட்டு குவிந்ததும் நீ மெடிக்கல் லீவ் போட்டாயே, அதே கதைதான்.

கிரிஃபியைத் தபாலில் இத்துடன் வைத்திருக்கிறேன். மேலும் கீழும் அட்டை கொடுத்துக் கட்டியிருக்கிறேன், பிரிக்கும்போது கத்தரிக்கோலைப் பார்த்து வை. சின்னவன் நான்கு பிரிவுக்கும் தனித்தனியாக மார்க் போட்டு ஒரு தாளில் எழுதி ஒட்டி மூடியிருக்கிறான், நீ போட்ட பிறகுதான் அதைத் திறக்க வேண்டுமாம். மூலைக்கு அவனும் நானும் அரை மார்க் வித்தியாசத்தில் சண்டை போட்டோம். சீஃப் நீதான்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்