எங்கடை கதவு என்ன நிறம்?

உரும்பிராய்,
பங்குனி 9

என்ரை அன்பான நெட்டைக்கு,

நாங்கள் சுகம். நீயும் வீட்டுக்காரரும் பிள்ளையளும் சுகமெண்டு நம்பிறன். பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்பதான் பதில் எழுதிறன். கோவிச்சிருப்பாய், கோவிக்கத்தான் வேணும். போனிலை கதைச்சிருக்கலாம், ஆனால் போனிலை நீ ஒரு விசயத்திலை ரண்டு நிமிசம் நிக்கமாட்டாய், உடனை பேரப்பிள்ளையின்ரை பல்லுக்குத் தாவிடுவாய். இது எழுதித்தான் சொல்லவேணும். கடைசியிலை உன்னட்டை ஒரு உதவியும் கேக்கப் போறன். அதாலை பாதியிலை மடிச்சு வைச்சிடாதை.

வீட்டுக்கு நிறம் அடிக்கிறம். அவ்வளவுதான் விசயம். ஆனால் மாசியிலை இருந்து எனக்கு நித்திரையில்லை.

தம்பி குடும்பத்தோடை ஆவணியிலை நல்லூர்த் திருவிழாவுக்கு வாறான். "அக்கா, அதுக்கு முதல் வெளிச்சுவரை ஒருக்கால் வடிவாய்ச் செய்துபோடு" எண்டு காசும் அனுப்பி, வாட்ஸப்பிலை பதினாலு படமும் அனுப்பினவன். பதினாலும் சாம்பல் நிறம். மெல்லிசான சாம்பல், கடுஞ்சாம்பல், நீலம் கலந்த சாம்பல், ஓரத்துக்கு வெள்ளை. லண்டனிலை இப்ப எல்லாரும் இதுதானாம். இஞ்சையும் புதுசாக் கட்டிற வீடுகளிலை பாதி அந்த நிறம்தான்.

அவனிலை எனக்குக் கோவமில்லை. வீட்டை மறக்காமல் காசனுப்பிற பிள்ளை. ஆனால் அந்தப் படங்களைப் பாக்கப் பாக்க எனக்கு நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்தது. ஏனெண்டு கண்டுபிடிக்க ரண்டு நாள் எடுத்தது. சண்டைக்குப் பிறகு திரும்பி வந்த சனம் சீமெந்துக்கல்லை அடுக்கி, மேலை தகரம் போட்டு, பூச்சுக்குக் காசில்லாமல் வருசக்கணக்கா இருந்தது எல்லாம் அந்த நிறம்தான். எங்கடை ஒழுங்கை முழுக்க அப்பிடித்தான் இருந்தது. கடைசிவீட்டு ஆச்சி பூச்சைக் காணாமலே போட்டா. அவனுக்குச் சாம்பல் ஒரு நாகரிக நிறம். எனக்கு அது முடியாமல் நிக்கிற வீட்டின்ரை நிறம். இதை அவனுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல், "வெய்யிலை இழுக்கும், உள்ளுக்கை இருக்கேலாது" எண்டு மட்டும் எழுதினன். அதுவும் பொய்யில்லை. கடும் நிறம் சூட்டைக் குடிக்கும், மேற்குப் பக்கச் சுவர் பின்னேரம் அடுப்பாய் நிக்கும்.

சரி, சாம்பல் வேண்டாமெண்டாச்சு. வேறை எது?

அதுக்கிடையிலை வேறையொரு பிரச்சினை வந்தது. 2011இலை எமல்சன் பெயின்ற் அடிச்சமல்லே, நீ படத்திலை பாத்து "மாம்பழ வீடு" எண்டு சிரிச்சியே, அதுதான். பத்து வருசத்துக்குத் திரும்பிப் பாக்கத் தேவையில்லை எண்டு சொல்லித்தான் கடையிலை தந்தவை. மூண்டாம் மாரிக்கே வாடைப்பக்கச் சுவர் கொப்புளிச்சுது. பிறகு ஒவ்வொரு மாரிக்கும் ஒரு பாய் அளவு கழண்டு விழும், நாங்களும் மேலை மேலை பூசிக்கொண்டே வந்தம். இந்த முறை மேசன் அண்ணை வந்து (அவர்தான், பிள்ளையார் கோயில் மதில்காரர், இப்ப எழுபது தாண்டியிட்டுது) கரண்டியாலை ஒரு ஓரத்தைக் கிளப்பினார். எடி, வாழைமடல் உரிக்கிற மாதிரி முழத்துக்கு முழம் வந்தது! பின்னாலை வெள்ளையாய்ப் பொடி. அவர் விரலிலை தொட்டு நாக்கிலை வைச்சுப் பாத்திட்டு, "உப்பு, தங்கச்சி" எண்டார்.

அவர் சொன்னதைச் சொல்லுறன், கேள். எங்கடை வீடு சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அப்பு மலாயாப் பென்சனோடை வந்து கட்டின காலத்திலை காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையே இல்லை, அது 1950இலைதானே வந்தது. சுண்ணாம்புச் சுவர் மாரியிலை நிலத்திலை இருந்து ஈரத்தை உறிஞ்சும், கோடையிலை அதை வெளியிலை விட்டிடும். ஒரு கரைச்சலும் இல்லை. நாங்கள் போய் அதுக்கு மேலை பிளாஸ்ரிக் தோல் ஒண்டைப் போத்துவிட்டம். ஈரம் வெளியிலை வர வழியில்லாமல் தோலுக்குப் பின்னாலை நிக்குது. காய உப்பு மட்டும் மிஞ்சி, கல்லாய் வளந்து, பெயின்ற்றையும் பூச்சையும் சேத்துத் தள்ளுது. நல்ல பெயின்ற், கூடாத பெயின்ற் எண்ட கதையே இல்லை. விலை கூடினதை வாங்கியிருந்தாலும் விழுந்திருக்கும்.

அப்ப சீமெந்தாலை முழுக்கப் பூசிப்போட்டு அடிச்சால் என்ன எண்டு கேட்டன். பக்கத்து வீட்டுத் தம்பி அப்பிடித்தான் செய்தவர். மேசன் அண்ணை பதில் சொல்லாமல் என்னை முன்பக்கம் கூட்டிக்கொண்டு போய், தலைவாசலுக்கு வலப்பக்கத்தைக் காட்டினார். செல் துண்டு பட்ட ஓட்டையளை ஐயா சீமெந்தாலை அடைச்சதல்லே. ஒவ்வொரு அடைப்பைச் சுத்தியும் சுண்ணாம்பு உளுத்துப் போச்சு. சீமெந்து கல்லு மாதிரி அப்பிடியே நிக்குது. ஒண்டை அவர் விரலாலை நெம்ப, வடை மாதிரி முழுசாய்க் கையிலை வந்திட்டுது. நான் அதை எறியாமல் சாமியறை யன்னலிலை வைச்சிருக்கிறன். ஏனெண்டு கேளாதை. ஐயாவின்ரை பெருவிரல் அடையாளம் அதிலை கிடக்குது.

நெட்டை, இந்தக் கதை உனக்குச் சொன்னனானோ தெரியாது. நீ அதுக்கு முதலே போட்டாய். யாழ்ப்பாணச் சனம் முழுக்க இடம்பெயர்ந்த 95 ஒக்ரோபர் 30 இரவு நாங்கள் வெளிக்கிடேக்கை, கிணத்தடிக்குப் பின்னாலை ஐயா ஒரு கிடங்கு வெட்டி, பொங்கலுக்கு வெள்ளையடிக்கவெண்டு சுண்ணாம்பு நீத்து வைச்சிருந்தவர். அந்த மழையிலை, நாவற்குழிப் பாலத்திலை ஒரு அடி எடுத்து வைக்க ஒரு மணித்தியாலம் எடுத்த அந்த இரவிலை, அம்மா கோழிக்கூட்டைத் திறந்துவிட்டனோ எண்டு அழுதுகொண்டு வாறா, இந்த மனிசன் "கிடங்கை மூடேல்லை, மூடேல்லை" எண்டு கொண்டு வந்தவர். எனக்கு அண்டைக்கு அவரிலை சரியான கோவம்.

96இலை திரும்பி வந்தம். ஓடு இல்லை, வளை இல்லை, கதவு யன்னல் ஒண்டும் இல்லை. சுவர் மட்டும் கறுத்துப்போய் நிண்டது. அம்மா முற்றத்திலை குந்தினவ எழும்பேல்லை. ஐயா நேரை கிணத்தடிக்குப் போனார். மாரித்தண்ணி நிண்டு, மேலை சருகு மூடி, கிடங்குக்குள்ளை சுண்ணாம்பு தயிர் மாதிரி அப்பிடியே கிடந்தது. தண்ணி நிண்டால் அது எத்தினை வருசமும் கெடாதாம், நீர் ஊற ஊறத் திறமாம். அடுத்த நாள் காலமை நான் எழும்பிப் பாக்க, அந்த மனிசன் கூரையில்லாத வீட்டுக்கு முன்சுவருக்கு வெள்ளையடிச்சுக்கொண்டு நிக்கிறார். பிறஷ் இல்லை. தென்னம்பாளையைத் தட்டி நாராக்கி அதாலை அடிக்கிறார். "இதென்ன ஐயா, முதல்லை படுக்க ஒரு இடம் பாப்பம்" எண்டன். "றோட்டாலை போறவைக்கு ஆக்கள் வந்திட்டினம் எண்டு தெரியட்டும்" எண்டார். அண்டு பின்னேரமே ஒழுங்கையிலை நாலு குடும்பம் எங்கடை முற்றத்துக்கு வந்திட்டுது.

அதாலை இந்த முறையும் வெள்ளைதான் எண்டு நான் முடிவெடுத்திட்டன். தம்பியும் ஐயாவின்ரை கதையைக் கேட்டிட்டு ஓமெண்டிட்டான். எடுத்த முடிவை உடைச்சது ஆரெண்டு நினைக்கிறாய்? அம்மா!

அம்மாவுக்குப் போன வருசம் ரண்டு கண்ணும் கற்றறக்ட் வெட்டினது உனக்குத் தெரியும். அதுக்குப் பிறகு பளிச்செண்ட வெளிச்சம் அவவுக்குச் சரிவரேல்லை. மேசன் அண்ணை மாதிரிக்கு உள்முற்றத்துச் சுவரிலை ஒரு துண்டு வெள்ளையடிச்சார், நீலமும் ஒரு சிட்டிகை கலந்து. பத்து மணி வெய்யில் அதிலை பட, விறாந்தைக் கதிரையிலை இருந்த மனிசி சேலைத் தலைப்பாலை கண்ணைப் பொத்தினா. "கொப்பருக்கு வெள்ளை சரி. அவர் அந்தச் சுவரைப் பாத்துக்கொண்டு நாள் முழுக்க இருக்கேல்லை. நான்தான் இருக்கப் போறன்" எண்டா. என்ன சொல்லுறது? ஐயாவை நினைச்சு நிறம் தெரிஞ்சுகொண்டிருந்தன், கதிரையிலை இருக்கிற ஆளை மறந்துபோனன்.

பிறகுதான் காவிக்கு வந்தம். சுண்ணாம்புக்குள்ளை எல்லா நிறமும் நில்லாது. அது காரம், கன சாயத்தைத் தின்னும். மஞ்சட்காவியும் செங்காவியும் மண்ணிலை இருந்து வாறது, இரும்புக்கறள்தானே, அதைச் சுண்ணாம்பும் ஒண்டும் செய்யாது வெய்யிலும் ஒண்டும் செய்யாது. எங்கடை செம்மண்ணின்ரை சிவப்பும் அதே இரும்புதான். நீ முந்தி எழுதினது அப்ப நினைவுக்கு வந்தது: நோர்வேயிலை அந்தக் காலம் ஏழையள் காவியை மீனெண்ணெயிலை குழைச்சுச் சிவப்பு அடிப்பினமாம், வெள்ளை பணக்காரருக்காம். நீ அனுப்பின பேர்கன் துறைமுக வீடுகளின்ரை படம் இன்னும் கண்ணாடி அலுமாரியிலை நிக்குது. இஞ்சை நேர்மாறு பார். சுண்ணக்கல்லுக்கு மேலை குடியிருக்கிற எங்களுக்கு ஏழையின்ரை நிறம் வெள்ளை. ஒரு சூளையும் ஒரு கிடங்கும் காணும்.

கிணத்தடிச் சுவரிலை மூண்டடிக்கு மூண்டடி அஞ்சு சதுரம் அடிச்சுப் பாத்தன், ஒவ்வொண்டிலையும் காவி கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி. கடை அட்டையிலை விரல்நக அளவிலை பாத்து நிறம் தெரியிறது சரியான பிழை, அட்டையிலை சந்தனமாத் தெரியிறது சுவரிலை மஞ்சள்பூசின பொம்பிளையாய் நிக்கும். சுண்ணாம்பு இன்னும் மோசம். ஈரத்திலை பூசணிப்பழம் மாதிரி இருந்தது அடுத்த நாள் காய்ஞ்சு பாற்சோறு நிறத்துக்கு வந்திட்டுது. காலமை ஏழு மணிக்கு ஒரு நிறம், உச்சியிலை ஒரு நிறம், பின்னேரம் மாமரத்துக்குப் பின்னாலை வெய்யில் சரியேக்கை வேறை நிறம். நாலு நாள் மூண்டு வேளையும் போய்ப் பாத்தன். ஒவ்வொரு சதுரத்துக்கு முன்னாலையும் அம்மாவைக் கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனன். நாலாவதிலை அவ நிண்டா. "இது பனங்காய்ப் பணியாரம் சுடமுதல் இருக்கிற நிறம்" எண்டா. நான் பாத்தன், அப்பிடியில்லை, ஆனால் கண்ணைச் சுருக்காமல் பாத்தவ. அது காணும். அஞ்சாவதிலை காவி கூடிப்போய்க் கையிலை பொடியா ஒட்டுது. சுண்ணாம்பிலை பத்திலை ஒரு பங்குக்கு மேலை காவி போகப்படாதாம்.

அடியிலை ரண்டடிக்குச் செங்காவிப் பட்டி. அதை நான் வடிவுக்கெண்டு நினைச்சிருந்தனான். மழை விழ எங்கடை செம்மண் தெறிச்சு அடிச்சுவர் எப்பிடியும் சிவக்கும், அதை மறைக்கத்தான் பழைய ஆக்கள் அந்தப் பட்டியை வைச்சதெண்டு மேசன் அண்ணை சொன்னார்.

இப்ப கிடங்கு வெட்டி, சுட்ட கல்லு வாங்கி நீத்து மூண்டு கிழமை. ஐயா வெட்டின அதே இடத்திலைதான். சுண்ணாம்பு ஒட்டிப்பிடிக்க நாகதாளிச் சாறு விடு எண்டு பெரியம்மா, வச்சிரப் பசை போடு எண்டு சித்தப்பா, ரண்டு பேரும் கதையில்லை. எமல்சன் முழுக்கச் சுரண்டியாச்சு. சீமெந்து அடைப்பெல்லாம் கழட்டிச் சுண்ணாம்புச் சாந்தாலை அடைச்சாச்சு. இனிச் சுவரை நனைச்சு நனைச்சு, பால் மாதிரி மெல்லிசாய், நாளுக்கு ஒண்டாய் அஞ்சு தரம் அடிக்கவேணும். சோளகம் பிடிக்க முதல் முடிக்கவேணும், அந்தக் காத்து சுண்ணாம்பை இறுக விடாமல் காயவைச்சுப்போடும், புழுதியும் ஒட்டும்.

இனி உன்ரை வேலை. தலைவாசல் கதவு.

இப்ப நிக்கிறது 97இலை போட்ட கதவு. சுரண்டிப் பாத்தால் அதிலை எங்கடை பழைய நிறம் இராது. முந்தின கதவு என்ன நிறம் எண்டு அம்மாவைக் கேட்டால் பச்சை எண்டுறா, கிளிப்பச்சை இல்லையாம், வாழையிலை காய்ஞ்ச பச்சையாம். பெரியம்மா தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுறா, நீலமெண்டு. எனக்கு அந்தக் கதவின்ரை பித்தளைக் குமிழ் நினைவிருக்கு, கீல் சத்தம் நினைவிருக்கு, ஒளிச்சுப் பிடிச்சு விளையாடேக்கை நீ நெத்தியை இடிச்ச இடம் நினைவிருக்கு. நிறம் வரமாட்டனெண்டுது, நெட்டை. எத்தினை ஆயிரம் தரம் அதைத் திறந்து பூட்டியிருப்பன். எங்களிட்டை ஒரு படமும் இல்லை, அல்பம் முழுக்க அந்த இரவோடை போட்டுது.

உன்னட்டை இருக்கு. 86இலை அக்காவின்ரை கலியாணத்துக்கு, மாப்பிளை வீட்டார் வர முதல், நீயும் நானும் ஒல்லியும் கதவடியிலை நிண்டு எடுத்த கலர்ப்படம். நீ என்ரை நாவல்நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு, திருப்பித் தராமலே போன அந்தச் சேலை. உன்ரை சிவப்பு அல்பத்திலை அது இருந்ததெண்டு நீதான் ஒருக்கால் சொன்னனீ. தேடு. பழைய படம் மங்கிச் சிவப்படிச்சிருக்கும், அதாலை போனிலை எடுத்தனுப்பி எனக்குப் பிரயோசனமில்லை. படத்தைப் பகல் வெளிச்சத்திலை யன்னலடியிலை பிடி. எங்களுக்குப் பின்னாலை தெரியிறதைப் பார். பச்சையோ நீலமோ எண்டு உன்ரை கண்ணாலை பாத்துச் சொல்லு. என்ன பச்சை, என்ன நீலம் எண்டும் சொல்லு.

மேசன் அண்ணை கதவுக்குக் கடைசியாத்தான் வருவார், சித்திரை வருசப்பிறப்புக்குப் பிறகு. அதுக்குள்ளை இந்தக் கடிதம் உனக்குக் கிடைச்சிடும். அம்மா உன்னைச் சுகம் கேட்டதா எழுதச் சொன்னா. படத்திலை அவவும் நிக்கிறாவோ எண்டும் கேக்கச் சொன்னா.

உன்ரை,
குள்ளி