பொட்டலத்தை ஏன் இன்னும் பிரிக்கவில்லை என்றால்

அன்புள்ள நண்பா,

அப்பாவின் தூக்கத்துக்காக நீ அனுப்பிய சீன மூலிகைப் பொட்டலமும் கடிதமும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். நீ வேலை மாறப் போவதாக நம்ம கூட்டாளி 'ஒட்டகம்' போன் செய்து சொன்னான். அதை நீயே எழுதியிருக்கலாம், படுபாவி. சரி, அது அப்புறம்.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குக் கையும் காலும் ஓரளவு வசப்பட்டுவிட்டன, பேச்சும் தெளிவு. தூக்கம் மட்டும் திரும்பவில்லை. ராத்திரி முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார், காலையில் பிசியோதெரபி நடக்கும்போதே தலை தொங்கிவிடும். என் கவலையே அதுதான். பகலில் பழகிய அசைவுகளை மூளை பதிய வைத்துக்கொள்ளத் தூக்கம் பெரிதும் உதவும். தூக்கம் கெட்டால் பயிற்சியும் சரியாக ஒட்டாது.

முதலில் பார்த்த மருத்துவர் ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். தூங்கினார், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நடுராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் இடது காலை ஊன்ற முடியாமல் சுவரோடு சரிந்துவிட்டார். பக்கத்தில் படுத்திருந்ததால் தாங்கிப் பிடித்தேன். நரம்பியல் டாக்டர் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். பென்சோடயஸிபீன் வகைத் தூக்க மாத்திரைகளிலும் இதே தொல்லைதான்: தடுமாற்றம், மனக்குழப்பம், விழுந்து எலும்பு முறிவது.

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "குறட்டை விடுவாரா?" அப்பாவின் குறட்டை உனக்குத் தெரியாதா! பரீட்சை நாட்களில் நாம் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடியதே அதற்குப் பயந்துதானே. இந்த முறை பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். குறட்டை ஏறிக்கொண்டே போய் சட்டென்று அறுந்துவிடுகிறது. நெஞ்சு மேலும் கீழும் போராடுகிறது, மூக்கருகே விரல் வைத்தால் காற்றே இல்லை. அப்புறம் ஒரு திணறலோடு உடம்பை உதறிக்கொண்டு விழிக்கிறார். ஸ்லீப் ஆப்னியாதான், அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய், என்று பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. பக்கவாதம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இது இருக்கிறதாம். மூச்சு இப்படி அடைபடும் மனிதருக்கு மயக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறோம், நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. இப்போது மூச்சு அடைபடாமல் காற்றை அழுத்தி ஊதும் சிபாப் கருவியின் முகமூடி போட்டுத்தான் படுக்கிறார். தினமும் அதோடு ஒரு சண்டை உண்டு.

இனி உன் பொட்டலத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாமல் படி. நீ சீட்டில் எழுதியிருந்த சுவான்ஸாவ்ரென் கஷாயம் ஏனோதானோ சரக்கு இல்லை. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர், உடம்பு தளர்ந்து உள்ளுக்குள் பதைத்துத் தூங்க முடியாமல் கிடப்பவர்களுக்காக எழுதி வைத்தது. ஐந்தே சரக்குகள். இலந்தைக்கு உறவான ஒரு முள்மரத்தின் விதைதான் பிரதானம். அந்த ஐந்தில் ஒன்று அதிமதுரம்! தொடர்ந்து சாப்பிட்டால் அதிமதுரம் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம் ஏறித்தானடா அப்பா விழுந்தார். கஷாயத்தில் அளவு கொஞ்சம்தான் இருக்கலாம், ஆனால் அவர் உடம்பில் சோதித்துப் பார்க்க நான் தயாரில்லை. இன்னொன்று சுவான்ஷியோங், ரத்த ஓட்டத்தைத் தூண்டுவது என்று சீன வைத்தியமே சொல்லும் வேர். அப்பாவோ ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையில் இருக்கிறார், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். கொஞ்சம் ஏறினாலும் ரத்தக்கசிவு பயம். பக்கவாதத்துக்கென்று சீனர்கள் அதிகம் கொடுக்கும் டான்ஷென் வேர் வார்ஃபரினோடு சேர்ந்து ஐ.என்.ஆரை ஏற்றிவிட்டது மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கிறது.

அதனால் சீன வைத்தியமே வேண்டாம் என்று ஒதுக்கிவிடவில்லை. மணிக்கட்டு மடிப்பில் சுண்டுவிரல் பக்கம் ஷென்மென் என்ற புள்ளி இருக்கிறது, படுக்கும் முன் அதை மெல்ல அழுத்திவிடுகிறேன். காதில் சிறு கறுப்பு விதைகளைப் பிளாஸ்திரியோடு ஒட்டி அழுத்தும் முறையையும் டாக்டர் அனுமதித்தார். ஊசி குத்துவதில்லை என்பதால் ரத்தம் கட்டும் பயமும் இல்லை. அப்பாவுக்கு இது பிடித்திருக்கிறது, கண்ணை மூடிக் கையை நீட்டிவிடுகிறார். பக்கவாதத்துக்குப் பிந்தைய தூக்கமின்மைக்கு அக்குபஞ்சரையும் கஷாயங்களையும் வைத்துச் சீனாவில் நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன, முடிவுகளும் பெரும்பாலும் சாதகம். ஆனால் பல சிறியவை, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மறைக்காமலே செய்தவை. அந்த அளவுக்குத்தான் நானும் நம்புகிறேன்.

நிஜமாகவே கைகொடுப்பது மாத்திரை இல்லாத வழிதான். அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-இல் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகச் சொன்னது, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான். தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து நாற்காலியில் உட்கார வேண்டும். என்ன ஆனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு விழிக்க வேண்டும். பகல் தூக்கத்துக்குத் தடை. "என் வீட்டில் நான் கண் அசரக்கூடாதா?" என்று கத்துகிறார், பாவம். அந்தக் கோபத்தில் பழைய அப்பா தெரிகிறார்.

ஒன்று செய். பொட்டலம் வாங்கிய இடத்தில் அசல் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல். தூக்கத்துக்கென்று விற்கும் மூலிகைப் பொடிகள் சிலவற்றில் சொல்லாமல் ஆங்கில மருந்தையே கலந்திருந்ததை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் பிடித்திருக்கின்றன. படம் வந்ததும் டாக்டரிடம் காட்டுகிறேன். அவர் சரி என்றால் பிரிப்போம், இல்லாவிட்டால் அப்படியே இருக்கட்டும். நீ வரும்போது சதுரங்கப் பலகையைக் கொண்டுவா, அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். வேலை விஷயத்தை மறைக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்