ரேடியேட்டரில் ஏர் பிடித்தால் பிரஷர் முள்ளையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல்பாதி சூடாவதில்லை என்று கேட்டிருந்த வாசகருக்கு, 'ஏர் பிடித்திருக்கிறது, திறந்துவிடுங்கள், பிரஷர் குறைந்தால் தண்ணீர் ஏற்றிக்கொள்ளுங்கள்' என்று தங்கள் நாளிதழில் பதில் வந்திருந்தது. தவறான பதில் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திவிட்டீர்களே என்றுதான் எழுதுகிறேன். அதை மட்டுமே ஒரு குளிர்காலம் முழுக்கச் செய்தவள் நான்.

மாடியில் அம்மா படுக்கும் அறையில்தான் தொடங்கியது. ராத்திரியில் குழாய்க்குள் களக் களக்கென்று சத்தம். ரேடியேட்டரைத் தொட்டால் அடியில் கை வைக்க முடியாத சூடு, மேலே சில்லென்று இருக்கும். (மேலே சூடாகி அடி குளிர்ந்திருந்தால் பெரும்பாலும் துருச்சேறு படிந்திருக்கிறது, திறந்துவிட்டுப் பயனில்லை.) ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் அனுப்பும் பாய்லரை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, மேல்மூலையில் இருக்கும் சிறு திருகில் சாவியைப் போட்டு இடப்பக்கமாகக் கால் சுற்றுத்தான் திருப்புவேன். 'ஸ்ஸ்' என்று காற்று போகும். பிறகு விட்டுவிட்டு இரண்டு தெறிப்பு, அப்புறம் சீராகத் தண்ணீர். உடனே மூடிவிட வேண்டும். தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் ஓடும்போது திறந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளவும் கூடும்.

முதல் தடவை சரியாகிவிட்டது. பத்தே நாளில் மறுபடி அதே சத்தம். பிறகு வாரம் தவறாமல். ஒவ்வொரு தடவையும் பாய்லரின் பிரஷர் முள் இறங்கியிருக்கும், நானும் தண்ணீர் விட்டு 1.4 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) ஏற்றிவைப்பேன். துணியில் விழுந்த தண்ணீர் மை போலக் கறுத்திருந்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

கடைசியில் பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் முதலில் கேட்டதே, "இதுவரைக்கும் எத்தனை தடவை தண்ணி ஏத்துனீங்கம்மா?" என்றுதான். பிறகு அவரே விளக்கினார்: புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் உள்ளே போகிறது. அது ரேடியேட்டரின் இரும்பை உள்ளிருந்தே அரிக்கிறது. அந்தக் கறுப்பு அந்தத் துருதான். அரிப்பில் ஹைட்ரஜனும் உண்டாகி மேலே சேரும். (அதனால் திறக்கும்போது பக்கத்தில் தீக்குச்சியோ மெழுகுவத்தியோ கூடவே கூடாது.) காற்றை வெளியேற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அது மறுபடி சேர நானே வழி செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு வாரம் எதையும் தொடாமல், தினமும் காலையில் பாய்லர் ஆறியிருக்கும்போது முள்ளை மட்டும் குறித்துவைக்கச் சொன்னார். 1.4, 1.3, 1.2 என்று இறங்கி ஏழாம் நாள் 0.8. எங்கோ கசிகிறது. ஆனால் வீட்டில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது! அலமாரியை நகர்த்திப் பார்த்தபோதுதான், அதன் பின்னால் இருந்த வால்வின் நட்டடியில் பச்சை பூத்த உப்புப் பொருக்கு, சுண்டுவிரல் நகமளவு. கசிந்த நீரெல்லாம் சூட்டில் அங்கேயே காய்ந்துபோயிருக்கிறது. நட்டை அரைச்சுற்று இறுக்கி, அழுக்குத் தண்ணீரை வடித்து, துருத்தடுப்புத் திரவம் கலந்து நிரப்பிக் கொடுத்தார். அதன்பின் சில நாள் இரண்டு மூன்று முறை திறந்துவிட்டதோடு சரி. முள் அசையவில்லை. அம்மாவும் நிம்மதியாகத் தூங்குகிறார்.

பரணில் தொட்டி வைத்த பழைய அமைப்பு என்றால், அதற்குத் தண்ணீர் விடும் மிதவை வால்வு சிக்கித் தொட்டி காலியாகியிருக்கிறதா என்று முதலில் ஏறிப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை இந்தக் கேள்வி வந்தால், 'திரும்பத் திரும்பத் தண்ணீர் ஏற்ற வேண்டியிருந்தால் கசிவைத் தேடுங்கள்' என்ற ஒரு வரியையும் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி