"உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க"

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதம் என் இளைய மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் முடிந்ததும் பையனின் அப்பா, "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாங்க. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்றார். பேச்சு அதோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். பையனின் அம்மா என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கழுத்துச் சங்கிலியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "லேசா இருக்கே, தினமும் போட்டுக்கறதா?" என்று கேட்டார். "மூத்த மருமகளுக்கு 50 பவுன் போட்டாங்க. நாங்க வாயைத் திறந்து கேட்கவே இல்ல" என்றார். பையன் தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறான் என்பதும் நடுவில் வந்தது. கார் வேண்டும் என்பதற்கான குறிப்பு அது.

அவர்கள் போனதும் என் கணவர் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். "அவங்கதான் எதுவும் கேட்கலையேப்பா, பிறகு எதுக்குக் கணக்கு?" என்றாள் மகள். எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், 4ஆவது பிரிவில், நேரடியாகவோ மறைமுகமாகவோ கேட்பதே குற்றம் என்கிறது. ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை. கேட்காமல் தரும் அன்பளிப்பை, வசதிக்கு மீறாமல் இருந்து பட்டியலும் எழுதி வைத்தால், அதே சட்டம் தடுப்பதில்லை. அதனால்தான் இந்த "ஒண்ணும் வேண்டாம்". நாளைக்கு ஏதாவது என்றால் "நாங்க கேட்டோமா?" என்று சொல்லிவிடலாம். சங்கிலியைத் தூக்கிப் பார்த்த விரலுக்குச் சாட்சி யார்?

மூன்று வருடத்துக்கு முன் மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது இதே வார்த்தையை நானும் சொன்னேன். "நாலு பேர் வர்ற இடம், சபை நிறைவா இருந்தா போதும்" என்றும் சேர்த்துச் சொன்னேன். பெருந்தன்மையாகப் பேசியதாகவே அன்று நினைத்தேன். சம்பந்தியம்மா 30 பவுன் போட்டார். அதற்காக ஊரில் இருந்த ஒரு ஏக்கர் நிலத்தை அடமானம் வைத்திருக்கிறார் என்பது போன தீபாவளிக்குத்தான், அதுவும் மருமகள் வாய்தவறிச் சொல்லி, எனக்குத் தெரிந்தது. இப்போது வட்டியை என் மகன் கட்டுகிறான். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க எங்கே சம்பந்தி கேட்டீங்க?" என்றார் அவர். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

பையனைப் பெற்றவர்களே, வேண்டாம் என்றால் பவுனும் வேண்டாம், வண்டியும் வேண்டாம், மூத்த மருமகள் பேச்சும் வேண்டாம் என்று உடைத்துச் சொல்லுங்கள். பெண்ணைப் பெற்றவர்களே, புரிந்துகொண்டு தலையாட்டாதீர்கள். அங்கேயே கேட்டுவிடுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வேறொரு வீட்டார் வருகிறார்கள். "நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்று அவர்களும் ஆரம்பித்தால், "அப்படின்னா என்னங்க?" என்று கேட்கப்போகிறேன். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்