சோல்ஜர்ஸ் குரோவ் மக்கள் போட்ட கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

வெள்ளத்தில் சிக்கும் சிற்றூர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் சோல்ஜர்ஸ் குரோவ் இடம்பெற்றதில் மகிழ்ச்சி. ஆனால் 'சூரிய ஒளி ஊர்' என்ற பெருமையோடு கட்டுரை முடிந்துவிட்டது. மேடிசனில் குடியிருக்கும் நான் அந்த ஊர் இருக்கும் கிக்கப்பூ ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு அடிக்கடி போய்வருபவள். அந்த ஊர்க்காரர்கள் முதலில் போட்ட கணக்கைச் சொல்லாமல் அவர்கள் கதை முழுமை பெறாது.

கிக்கப்பூ ஆறு செங்குத்தான குன்றுகளுக்கு நடுவே நெளிந்து ஓடுகிறது. பெருமழை பெய்தால் சரிவுகளில் தண்ணீர் தங்காது. ஆறு மளமளவென ஏறிவிடும். மரம் அறுக்கும் ஆலைக்காகக் கரையோரம் உருவான ஊர் அது. 1907 தொடங்கி 1912, 1917, 1935, 1951 என்று வெள்ளம் கடைவீதிக்குள் புகுந்துகொண்டே இருந்தது.

அரசு சொன்ன தீர்வு இரண்டு: ஆற்றின் மேற்பகுதியில் லா ஃபார்ஜில் ஓர் அணை, சோல்ஜர்ஸ் குரோவைச் சுற்றி ஒரு வெள்ளத்தடுப்புக் கரை. அணைக்காகச் சுமார் 140 குடும்பங்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறின. செலவு எகிறியது, நீர் கெட்டுவிடும் என்ற எதிர்ப்பும் எழுந்தது. 1975இல் வேலை நின்றுபோனது. நூறு அடிக்கு மேல் உயர்ந்த கான்கிரீட் கோபுரம் ஒன்று இன்றும் அங்கே எதற்கும் பயன்படாமல் நிற்கிறது. அதை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் அந்தக் குடும்பங்களை நினைத்து எனக்கு வயிறு எரியும். அந்த நிலம் இப்போது காப்புக்காடு. ஹோ-சங்க் பழங்குடியினரும் மாநில அரசும் சேர்ந்து பராமரிக்கிறார்கள்.

மிச்சமிருந்தது கரைத் திட்டம். அதற்கு ஆகும் செலவு 35 லட்சம் டாலர். அது காக்கப்போகும் கட்டடங்களின் மதிப்போ ஏறத்தாழ 10 லட்சம் டாலர்தான். கட்டிய பிறகு பராமரிப்புச் செலவும் ஊர் தலையில் விழும். இந்தப் பணத்தில் ஊரையே மேட்டுக்குக் கொண்டுபோகலாமே என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். வாஷிங்டன் உடனே மசியவில்லை. 1977இல் ஊர்ப் பணத்திலேயே மேட்டு நிலத்தை வாங்கிப் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. அதன் பிறகுதான் மத்திய அரசின் நிதி வந்தது. அப்போது அவர்கள் கையில் நிலமும் திட்டமும் தயாராக இருந்தன. இதைத்தான் நீங்கள் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

சூரிய ஒளி அதற்கு அடுத்த கட்டம். எண்ணெய் விலை ஏறிக் கிடந்த காலம் அது. புதிய வணிகக் கட்டடங்கள் தங்களுக்கு வேண்டிய வெப்பத்தில் பாதியையாவது வெயிலிலிருந்து பெற வேண்டும் என்று ஊரே சட்டம் போட்டது. கடைவீதி மேட்டுக்கு மாறியது. பழைய கடைவீதி இருந்த இடம் பூங்காவானது.

மக்கள்தொகை பெருகாததால் இடமாற்றத்தால் பலனில்லை என்ற தொனி உங்கள் கட்டுரையில் தெரிகிறது. இதை நான் ஏற்கவில்லை. அங்கே இன்றும் 550 பேர் அளவில்தான் இருக்கிறார்கள், உண்மை. பால் பண்ணைகள் அடுத்தடுத்து மூடப்படும் வட்டாரத்தில் எந்தச் சிற்றூர் பெருகியது? 2007 ஆகஸ்டிலும் 2008 ஜூனிலும் கிக்கப்பூ பெருகியபோது மேட்டிலிருந்த கடைவீதி தப்பியது. அதே ஆற்றில் கீழே உள்ள கேஸ் மில்ஸ் இரண்டு முறையும் மூழ்கியது. பிறகு அங்கேயும் மேட்டில் புதுக் கட்டடங்கள் எழுந்தன. ஆனால் பலர் பழைய இடத்திலேயே தங்கிவிட்டதால் ஊர் இரண்டாகிக் கிடக்கிறது. இரண்டு ஊர்களையும் அருகருகே வைத்து ஒரு கட்டுரை வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேடிசன், விஸ்கான்சின்